ஏரியைக் காக்க எது நம்மைத் தூண்டுகிறது?



இந்த மாதப் பாடத்தைக் குழுவில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். சேமிப்பு வரவு வைத்து, கடன் பாக்கி பேசி முடித்த பிறகு படித்தால் நல்லது. நடுவில் நிறுத்திப் பேசினாலும் தப்பில்லை. போன மாதம் போல் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடி வைக்காதீர்கள்!

ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். ஒரு வருஷம் எங்கள் பக்கத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வேன் நிறைய மரக்கன்று வந்தது. பேனர் கட்டினார்கள். எல்லா உறுப்பினர்களும் ஒரே நிறச் சேலை கட்டி வரிசையாக நின்று போட்டோ எடுத்தோம். ஆளுக்கொரு குழி, ஆளுக்கொரு கன்று. ஆகஸ்ட் மாதம் போய்ப் பார்த்தால் குச்சிதான் நிற்கிறது. பாதியை ஆடு தின்றுவிட்டது, மீதி காய்ந்து போச்சு. அங்கேயே குடியிருக்கிற ஓர் அக்காவிடம், "ஏன்க்கா, ஒரு குடம் தண்ணி ஊத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அது யார் வூட்டு மரம்னே தெரியலையேம்மா. ரோட்டோரம் நட்டீங்க. நாளைக்கு ரோட்ட அகலமாக்குனா வெட்டிட்டுப் போயிடுவாங்க. என் வூட்டாண்ட இருக்கிற முருங்கைக்கு நான் தண்ணி ஊத்தாம இருக்கேனா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். முருங்கை தளதளவென்று நின்றது.

இதுபோன்ற நேரத்தில் அறிக்கையில் நாங்கள் ஒரு வரி எழுதுவோம்: 'மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.' நானும் எழுதியிருக்கிறேன். அந்த அக்காவின் பதிலைக் கேட்ட பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. விழிப்புணர்வு அவருக்கு நிறைய இருந்தது. எது தன்னுடையது, எதில் தன் பேச்சு எடுபடும், எதில் எடுபடாது என்று தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார். நம் ஊர் மக்கள் எப்போது ஏரிக்காக, கரைக்காக, ஆற்றுக்காக வேலை செய்ய முன்வருகிறார்கள், எப்போது ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதுதான் இந்தப் பாடம். வெளியில் எங்கும் தேட வேண்டாம், நம் ஏரியிலிருந்தே பார்ப்போம்.

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி. பெரும் பகுதி ஆந்திராவில், தெற்குப் பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். நம் பக்கம் உள்ள 153.67 சதுர கிலோமீட்டர் 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆரணி ஆறு நல்ல தண்ணீர் கொண்டு வருகிறது, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் வருகிறது. இரண்டும் கலக்கிற இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், மடவை வரும், நண்டு வரும், பூநாரையும் வரும். ஏரிக்குத் தெற்கே, பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் கிழக்கே, கடலை ஒட்டி ஒரு மணல் திட்டு. அதன்மேல் காட்டுப்பள்ளி, காளாஞ்சி போன்ற ஊர்கள். அந்த மணல்தான் கடலுக்கும் உள்தண்ணீருக்கும் நடுவில் நிற்கிற ஒரே சுவர்.

பாடு முறை பற்றி வீட்டு ஆண்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஏரியில் இறால் ஓடுகிற நீரோட்டப் பாதையில் கழி நட்டுச் சுத்து வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் வலைமேல் வலை விழும், அடிதடி வரும், ஏரியில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர் மீனவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போடுவது. இந்த முறை யாருக்கு எந்த இடம் என்று சீட்டு சொல்லும். இன்று நல்ல இடம் வந்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். பணக்காரர், ஏழை என்று சீட்டுக்குத் தெரியாது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம். எந்த அதிகாரியும் வந்து சொல்லிக் கொடுத்ததில்லை. தலைமுறை தலைமுறையாக வந்தது. இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இறாலுக்கு வலை கட்டுகிறவர்கள் இப்படித்தான் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள். 'வயிற்றுப்பாடு' என்கிறோம், 'அவர் பாடு தேவலாம்' என்கிறோம். அதே பாடுதான் இங்கே முறையாகவும் ஆகியிருக்கிறது.

இதைப் படிக்கும்போது நம் குழு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. நம் சேமிப்பிலிருந்து கொடுத்த உள்கடனை நகையை வைத்தாவது கட்டிவிடுகிறோம். தள்ளுபடி ஆகும் என்று யாரோ சொன்ன கடனை இழுத்தடிக்கிறோம். வட்டி விகிதம் நாம் பேசி வைத்தது. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்பதும் நாம் போட்ட தீர்மானம். நாம் போட்ட விதியை நாமே மீறினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தில் விழிக்க முடியாது. காவலுக்கு ஆள் வேண்டாம்.

அமெரிக்காவில் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் இதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்தார். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அதனால் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்கு விற்றுவிட வேண்டும் என்று பெரிய படிப்பாளிகள் சொல்லி வந்தார்கள். அந்த அம்மா பல நாடுகளில் மீன்பிடி இடம், வாய்க்கால், காடு என்று பார்த்தார். பயன்படுத்துகிற மக்களே விதி செய்து, அவர்களே கண்காணித்து, மீறியவரை முதலில் சின்னதாகவும் பிறகு பெரிதாகவும் தண்டிக்கிற இடங்களில் பொதுச் சொத்து நூறு வருஷத்துக்கு மேலும் நிலைத்திருந்ததைக் காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். பாடு சீட்டுப் போட்ட நம் தாத்தாக்களுக்கு யாரும் பரிசு தரவில்லை, அது வேறு கதை.

ஆனால் பாட்டைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அந்தச் சீட்டில் பெண் பெயர் கிடையாது. கல்யாணமான ஆணுக்குத்தான் பங்கு. பாட்டில் சேராத ஊர்களும் சாதிகளும் வெளியில் நின்றன. இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறிய பிறகு ஏரியில் இறங்குகிற ஆட்கள் கூடினார்கள், சண்டையும் கூடியது. சீட்டில் இடமில்லாதவர் அந்த விதியை ஏன் மதிக்க வேண்டும்?

இருளர் பெண்களை நினைத்துப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையால் பின்னிய பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியை வாயில் கடித்துக்கொண்டு நகர்கிறார்கள். தண்ணீர் கெட்டுப்போச்சு என்று வேறு யாருக்கும் தெரியும் முன்னால் அவர்கள் தோலுக்குத் தெரிந்துவிடும். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தபோது அந்தச் சேற்றில் கைவிட்டவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். ஏரியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள், ஏரியைப் பற்றிய கூட்டத்தில் கடைசி வரிசையிலும் இடம் கிடைக்காதவர்களும் அவர்கள். கரையில் மீன் வாங்கி விற்கிற நம் குழுப் பெண்கள் நிலைமையும் ரொம்ப மேலே இல்லை.

அப்படியானால் பெண்கள் விதி செய்த இடம் எங்காவது உண்டா? உண்டு. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அதில் பல வகை. விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையிலிருந்து பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். 1986இல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன்பிறகு பாட்டி காலத்துத் தொழில் குற்றமாகிவிட்டது. பிடிபட்டால் அபராதம், பறித்த பாசியும் போச்சு. இப்படி விரட்டுகிறபோது யாருக்காவது பவளப்பாறைமேல் பாசம் வருமா? அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு ஓடத்தான் தோன்றும்.

அந்தப் பெண்கள் சங்கமாகக் கூடினார்கள். தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டுகிற இரும்புக் கருவி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். ஒட்டப் பறித்தால் அடுத்த முறை வளராது என்பது மூழ்குகிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதோடு, 'நாங்கள் திருடிகள் இல்லை, இது எங்கள் தொழில், எங்களை அங்கீகரியுங்கள்' என்று அதிகாரிகளிடம் பேசினார்கள். அந்தப் பெண்களின் தலைவியாக இருந்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற பரிசு அது. பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் பூங்கா அறிவிப்பும் அபராதமும் செய்ய முடியாததை, 'நாங்கள் பேசி வைத்த 12 நாள்' செய்தது.

காசு கொடுத்தால் மக்கள் வேலை செய்வார்களா என்ற கேள்வி வரும். கொடுக்கிற விதத்தைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி 1977இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களிடம் 'பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். விறகு கிடைக்கவில்லை, ஊற்று வற்றிவிட்டது, பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு இல்லை என்றார்கள். அப்போ மரம் வைப்போம் என்றார். நட்டதற்குக் காசில்லை, பிழைத்த கன்றுக்குத்தான் சின்னத் தொகை. வித்தியாசத்தைப் பாருங்கள். நம் ஜூன் 5 கன்றுக்கு அப்படிச் சொல்லியிருந்தால் ஆடு வந்திருக்குமா? மரம் வைக்கப் பட்டம் படித்திருக்க வேண்டும் என்று வனத்துறையினர் சொன்னபோது, பெண்கள் பழைய பானை, சட்டியிலேயே விதை போட்டு நாற்று விட்டார்கள். அவர்கள் நட்ட மரங்கள் கோடிக் கணக்கில். 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கமும் சொல்லலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. அதை அள்ள மீனவர்கள்தான் தங்கள் படகோடு இறங்கினார்கள். கையால் அள்ளினார்கள், வாளியில் மொண்டார்கள். கூலி கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் வெறும் கூலிக்காக அந்தக் கருப்புத் தண்ணீரில் யார் இறங்குவார்? கழிமுகம் போச்சென்றால் வலையும் போச்சு, படகும் போச்சு.

முகத்துவாரமும் அப்படித்தான். மணல் அடைத்துக்கொண்டால் கடலுக்குப் படகு போகாது. கோடையில் ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும், இறால் குஞ்சும் உள்ளே வராது. நிரந்தர முகத்துவாரம் கேட்டு எத்தனையோ மனு கொடுத்தார்கள். மனு நகரும்வரை காத்திருக்காமல் சில வருஷங்களில் குப்பங்களே பணம் போட்டு மணலைத் தோண்டியதும் உண்டு. அதற்கு யாரும் பேனர் கட்டவில்லை.

இதுவரை சுலபம். இனிமேல் வருவதுதான் கஷ்டமான பகுதி. வயிறு இரண்டு பக்கமும் இழுத்தால் என்ன செய்வது?

காட்டுப்பள்ளி இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. 2010இல் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கக் கட்டியது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் கரையிலிருந்து இடம் மாறினார்கள். 2013இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. பிறகு அதை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தது. கடலைத் தூர்த்து எடுக்கிற நிலமும் அதில் அடக்கம்.

மீனவர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. நம் கிழக்குக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலான மாதம் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல் சுவர் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். வடக்கேதான் காளாஞ்சியும் அந்த மெல்லிய மணல் திட்டும். அது உடைந்தால் கடல் நேரே உள்ளே வரும். மறுபக்கமும் கேளுங்கள். மீன் குறைந்துபோன காலத்தில் மாதச் சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை. பிள்ளை படித்துவிட்டு வலை பிடிக்க மாட்டேன் என்கிறான். வேலைக்குப் போனவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராட வேண்டி வந்ததும் நாம் அறிந்ததே. ஆனாலும் அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்கிய வீடுகள் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் காண்ட்ராக்ட் வேலைக்கும் தம்பி ஏரிக்கும் போகிறார்கள். இவர்களில் யாருக்குச் சுற்றுச்சூழல் மேல் அக்கறை இல்லை என்று சொல்வீர்கள்?

ஒரு குழுவில் இந்தப் பேச்சு எழுந்து, இரண்டு உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. கடன் விண்ணப்பத்தில்கூட 'அவங்க வேலைக்காரங்க வூடு, நாங்க வலைக்கார வூடு' என்று பிரிந்தார்கள். ஊக்குநர் பெரியம்மா ஒரு காரியம் செய்தார். விவாதத்தை நிறுத்திவிட்டு, கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னார். "ஏரி உன் வூட்டுக்கு ஒரு மாசத்துல என்ன குடுக்குது, எழுது" என்றார். வலைக்கார வீடு மட்டுமில்லை, வேலைக்கார வீடும் எழுத வேண்டும். குழம்புக்குக் காசு கொடுக்காமல் வந்த மீன், மாமியார் பொறுக்கிய நண்டு, கருவாடு, கூடைக்கு ஓலை, ஆடு மேய்ந்த கரை, சொந்தக்காரர் கொடுத்து அனுப்பிய இறால் என்று எழுதினார்கள். எழுத எழுத, சம்பளம் வாங்குகிற வீட்டிலும் ஏரியின் பங்கு வந்தது. வேலை பிடிக்கிற வீட்டுக்கும் ஏரி வேண்டும், வலை பிடிக்கிற வீட்டுக்கும் ஒரு பிள்ளைக்காவது வேலை வேண்டும் என்று அன்றைக்குப் பேசினார்கள். கோபித்துப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவித்தார்கள், தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. பழவேற்காட்டு மீனவ ஊர்கள், பெண்களும் சேர்ந்து, எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் இந்தக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருங்கள். 2006 செப்டம்பர் 14ஆம் தேதி மத்திய அரசு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் செய்தித்தாளில் விளம்பரம் வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் படிக்கலாம். கூட்டத்துக்கு ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது. வந்திருக்கிற யாரும் பேசலாம், கேள்வி கேட்கலாம். பேசியதைப் பதிவு செய்து, முடிவில் நமக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். நாம் சொன்னது அதில் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். பெரும்பாலும் அப்போதுதான் நாம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறோம்.

இவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கூடுகிறது. ஏரிக்கரைக் குப்பை, மீன் கழிவு, வாய்க்கால் அடைப்பு போன்றவற்றை அங்கே தீர்மானமாக வைக்கலாம். கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

குழுவில் பேச:

உங்கள் ஊரில் நட்டு வைத்தவற்றில் எது பிழைத்தது, எது பட்டுப்போனது? பிழைத்ததற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள், ஏன்?

ஏரி, ஆறு, கரை பற்றி உங்கள் ஊரில் விதி உண்டா? அதை யார் போட்டது? அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்தார்களா, வாசலில் நின்றார்களா? கையால் இறால் பிடிக்கிற பெண்கள் யாராவது உங்கள் குழுவில் இருக்கிறார்களா? இல்லையென்றால் ஏன் இல்லை?

மூன்றாவது கேள்விக்கு வாயால் பதில் வேண்டாம். பெரியம்மா சொன்ன கணக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்து, ஒரு நகலைப் பிரதிநிதியிடம் கொடுத்து அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அனுப்புங்கள்.